யாரைக் கேட்டு வெளுத்தீர்கள்?

ஜுவைரியா முதன்முதலில் கேமராவைக் கையில் எடுத்தது ரவிக்கைக் கழுத்தைப் படம் பிடிக்கத்தான். கீழக்கரை நடுத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில், சொந்த வீட்டின் முன்னறையில் அவள் தையல்கடை வைத்திருக்கிறாள். பெண்களுக்கு மட்டுமே தைப்பாள். கல்யாண ரவிக்கையும் அதில் போடுகிற ஆரி ஊசிப் பூவேலையும் அவளுக்குக் கைவந்தவை. வருகிறவர்கள் எல்லாரும் "பின்கழுத்து எப்படி வரும், காட்டுங்க" என்று கேட்பார்கள். தைத்துக் கொடுத்த ரவிக்கைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டா இருக்க முடியும்? அலமாரிக்கு மேலே ஒரு நல்ல கேமரா சும்மா கிடந்தது. அவள் புருஷன் மஹ்மூது தம்மாமில் ஏசி மெக்கானிக். ஒரு லீவுக்கு வரும்போது ஆசையாக வாங்கிவந்து, கடலையும் படகையும் ஆசை தீர எடுத்துவிட்டு, "கடலு எங்கயும் ஓடிறாது, அடுத்த தடவை பாத்துக்கிறேன்" என்று அங்கே தூக்கி வைத்துவிட்டுப் போனது. புருஷனை அவள் 'அது' என்றுதான் சொல்வாள். ஜுவைரியா அதை இறக்கித் தூசி தட்டினாள்.

ஆரம்பத்தில் அவள் எடுத்த படம் எதிலும் தலையே கிடையாது. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும்தான். ஒருநாள் ஏர்வாடிப் பக்கத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார். ஜுவைரியா கேமராவைச் சரிபண்ணிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சட்டென்று சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து விரல் பட்டு, படத்தில் முகமும் விழுந்துவிட்டது. அதைக் காட்டினால், அந்த அம்மா ரவிக்கையைப் பார்க்கவே இல்லை.

"இது நானா?" என்றார். "ஆதார் அட்டையில இருக்குற மூஞ்சியத்தான் இத்தனை நாளா எம் மூஞ்சின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தாயீ."

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். அதற்குப் பிறகு ரவிக்கைக் கழுத்தெல்லாம் ஒரு சாக்கு. அளவு பார்க்க வருகிறவளை "அந்த ஜன்னல்கிட்ட வந்து நில்லும்மா" என்பாள். இழை அறுந்துபோனால் அதைச் சாக்கிட்டு மெஷினை நிறுத்திவிட்டுக் கேமராவை எடுப்பாள். வெளிச்சம் எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் விழுகிறது, லென்ஸை எவ்வளவு திறந்தால் கண் மட்டும் துலங்கிப் பின்னால் இருக்கிற துணி மூட்டை மங்கிப்போகும் என்பதெல்லாம் யூடியூபைப் பார்த்தும் தானே தப்பும் தவறுமாக எடுத்தும் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு யார் வீட்டுக்காவது கேமராவோடு போய்விடுவாள். கடையில் அவளுக்கு உதவியாக இருக்கிற வீரலட்சுமி, திருப்புல்லாணிப் பக்கத்து ஊர்க்காரி, பாசி கோர்ப்பதும் ஊக்கு வைத்துத் தைப்பதும் அவள் வேலை. "அக்கா, இந்தக் கேமராவுக்குத் தீனி போடுறதுக்குத்தான் நம்ம மெஷினு ஓடுது" என்று சிரிப்பாள்.

கல்யாண வீடுகளில் அவளைக் கூப்பிட ஆரம்பித்தது அப்படித்தான். அந்த ஊரில் பெண்கள் பக்கம் ஆண்பிள்ளை கேமராவோடு நுழைய முடியாது. போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் மாப்பிள்ளை பக்கத்துப் படம் ஒரு மூட்டை இருக்கும். பெண் பக்கம் ஒன்றுகூட இருக்காது. ஜுவைரியா போனாள். கூலி என்று எதுவும் கேட்டதில்லை. தொழில் தையல், இது அவள் ஆசை. ஆனால் ஒரு பேச்சு மட்டும் முன்கூட்டியே பேசிவிடுவாள்.

"படம் பொண்ணு கையில போய்ச் சேரும். எங்கிட்ட ஒரு பிரதி இருக்கும். வேற எந்தக் கண்ணுலயும் படாது. இது என்கிட்ட நீங்க கொடுக்குற அமானிதம்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். கடைசி நாளில் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேட்டவர்களும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை நம்பித்தான் பெண்கள் அவள் முன்னால் முக்காட்டை எடுத்தார்கள், முடியை அவிழ்த்து விட்டார்கள், வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அம்ரீனுடைய கல்யாணம் வந்தது.

அம்ரீன் நல்ல கருப்பு. ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாநிறம் என்பார்கள், அதுவும் ஏதோ வியாதியை விசாரிக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. சின்னதிலிருந்து கடலை மாவும் பப்பாளியும் பூசிக் குளித்த பெண். படித்தாள், நர்சரிப் பள்ளியில் டீச்சராக வேலை பார்த்தாள், மாப்பிள்ளை உசாமாவும் அமைந்தான், கத்தாரில் வேலை. அப்படியும் "பொண்ணு கொஞ்சம் மாநிறம்தான், ஆனா குணம் தங்கம்" என்றே பேசினார்கள். அந்த 'ஆனா' இல்லாமல் அவளைப் பற்றி ஒரு வாக்கியம் பேச ஊரில் ஒருத்தருக்கும் வரவில்லை.

ரவிக்கை அளவு கொடுக்க வந்த அன்றைக்கே அவள் ஜுவைரியாவிடம் சொல்லிவிட்டாள்.

"லாத்தா, மதுரையில இருந்து மேக்கப்புக்கு ஆள் கூட்டியாராகளாம். வேணாம்னு சொல்லிட்டேன். என்னைய என் நெறத்துலயே எடுங்க. பிற்காலத்துல படத்தைப் பாத்தா அது நானா இருக்கணும்."

லாத்தா என்று அக்காவைக் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டு, அவ்வளவு தெளிவாக ஒரு பெண் கேட்டது ஜுவைரியாவுக்கு அதுதான் முதல்முறை. அரக்குச் சிவப்புப் பட்டு. அதற்குப் பழைய தங்கக் கலரில் ஆரி வேலை. அந்த நிறத்துக்கு எது எடுப்பாக இருக்குமோ அதைத் தேடித் தேடிப் போட்டாள். கல்யாணத்தன்று அம்ரீனை வீட்டு முற்றத்தில் உட்கார வைத்தாள். மேலே கம்பி வலை வழியாக வெயில் சலித்து விழுந்தது. அந்த நேரத்தில் அம்ரீனுடைய உம்மா சூஃபியா அடுப்படியிலிருந்து ஏதோ கூப்பிட, அவள் பாதி திரும்பி, பாதி சிரித்து, "வாரேன் உம்மா" என்றாள். அந்த நொடியை ஜுவைரியா எடுத்தாள். கன்னத்தில் ஒரு மினுமினுப்பு, மேலுதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம், முன்பல்லில் சின்ன இடைவெளி. அதைவிட நல்ல படத்தை அவள் அதுவரை எடுத்ததில்லை. அவளுக்கே தெரிந்தது.

பென்டிரைவில் போட்டு அம்ரீன் கையிலேயே கொடுத்தாள். அதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

சில மாதம் போனது. அம்ரீன் கடைப் பக்கம் வரவே இல்லை. ஒருநாள் தெருவில் எதிரே வந்தவள், ஜுவைரியாவைக் கண்டதும் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்து போய்விட்டாள். புதுப்பெண், ஏதோ யோசனை என்று ஜுவைரியா விட்டுவிட்டாள். ஆனாலும் மனசில் முள் மாதிரி உறுத்தியது.

அப்புறம் ஒருநாள் வீரலட்சுமி லேஸும் பாசியும் வாங்க ராம்நாடு போனாள். திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அக்கா, நம்ம அம்ரீன் பாப்பாவோட ரவிக்கைய வேற யாரோ போட்டுக்கிட்டு நிக்குது."

"எங்கன?"

"அரண்மனைப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோ. வாசல்ல ஆள் உசரத்துக்குப் படம். உள்ளுக்குள்ள லைட்டு எரியுது. ரவிக்கை நம்மளுது அக்கா, சத்தியமா. தோள்பட்டையில அந்தக் கொடி நான் கோர்த்த பாசி. ஒரு பாசி நெறம் மாறிப் போச்சுன்னு நீ திட்டுனேல்ல, அது அங்கனயே இருக்கு. ஆனா உள்ள இருக்குற புள்ள யாருன்னு எனக்குத் தெரியல."

போனில் எடுத்துவந்த படத்தை நீட்டினாள். ஜுவைரியா வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ரவிக்கை, பட்டு, முற்றத்துத் தூண், பாதி திரும்பிய கழுத்து. எல்லாம் அவள் எடுத்தது. முகம் மட்டும் யாருடையதோ. கோதுமை மாவைப் பாலில் கரைத்த மாதிரி ஒரு வெளுப்பு. மச்சத்தைக் காணோம். பல் இடைவெளியை அடைத்துவிட்டார்கள். மூக்கை இரண்டு பக்கமும் செதுக்கியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் ஸ்டூடியோ பெயர்.

ஜுவைரியா பெடலிலிருந்து காலை எடுத்தாள். தெருவில் போகிற வருகிற ஆண்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில், வெளிச்சம் போட்டு, அந்தப் பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிறுத்தியதும் அவளை இல்லை. அவளைத் துடைத்துவிட்டு வேறொருத்தியை. எதற்கு முதலில் கோபப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"மெஷினை மூடு" என்றாள். நேரே அம்ரீன் வீட்டுக்குப் போனாள்.

கீழக்கரையில் கல்யாணமானாலும் பெண் தன் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வருவான். உசாமா லீவு முடிந்து கத்தாருக்குப் போயிருந்தான். சூஃபியா கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்ததும் பதறி, "என்னம்மா, யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்றாள். ஜுவைரியா போனை அம்ரீனிடம் கொடுத்தாள். அம்ரீன் பார்த்தாள். அதிர்ச்சியடையவில்லை. உள்ளே போய் ஒரு கனத்த ஆல்பத்தைத் தூக்கிவந்து ஜுவைரியா மடியில் வைத்தாள்.

பக்கத்துக்குப் பக்கம் அதே வெளுப்பு. மருதாணிக் கை வெள்ளை, கழுத்து வெள்ளை, சிரிப்பு வெள்ளை. பக்கத்தில் நின்ற சொந்தக்காரிகளையும் சேர்த்துக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"எப்ப வந்துச்சு இது?"

"வந்து ரெம்ப நாளாச்சு லாத்தா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க செஞ்சதுன்னு நெனச்சேன்."

ஜுவைரியாவுக்குப் புரியவில்லை.

"நீங்க எடுத்த படம்தானே. நீங்கதான் மாத்திக் கொடுத்திருப்பீகன்னு நெனச்சேன். அவ்வளவு சொல்லியும் லாத்தாவுக்கும் என் நெறம் பிடிக்கல போலன்னு." அவள் குரல் உடைந்தது. "மத்தவுக செஞ்சிருந்தா எனக்குப் பழகிப்போன ஒண்ணு. நீங்களும்னு நெனச்சப்பதான் தாங்க முடியல."

"நானா?" ஜுவைரியா எழுந்தே விட்டாள். "ஏ புள்ள, நானா ஒன்னைய வெளுப்பேன்? அந்தப் படத்தை எடுத்துட்டு வந்து அன்னைக்குப் பூரா திறந்து திறந்து பாத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? அடுப்புல சோறு குழைஞ்சு போச்சு!"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது அவளுக்கு. யாரோ ஒருத்தன் செய்த காரியத்துக்கு இந்தப் பிள்ளை மாதக்கணக்கில் தன்னை நினைத்துக் குமைந்திருக்கிறது. தெருவில் தலையைக் குனிந்து போனதன் காரணம் இதுதான்.

படம் எப்படிப் போனது என்று சூஃபியாதான் மென்று விழுங்கிச் சொன்னாள். மாப்பிள்ளையின் உம்மா குல்சும் வந்து படங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். சம்பந்திக்காரி கேட்டால் எப்படி இல்லையென்பது? பென்டிரைவைக் கொடுத்துவிட்டாள். குல்சும் அதைத் தன் தங்கச்சி மகன் காஜா நவாஸிடம் ஆல்பம் போடக் கொடுத்திருக்கிறாள். அவன் ராம்நாட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான்.

"ஆம்பளை கையில கொடுத்திருக்கீக" என்றாள் ஜுவைரியா. "அத்தனை பொம்பளைக என்னைய நம்பி முக்காட்டை எடுத்தாக. அத்தனையும் அவன் கம்ப்யூட்டர்ல."

"சத்தம் போடாத ஜுவைரியா. மாமி வீட்டு ஆளுக. பிள்ளையோட வாழ்க்கை இருக்கு."

"உம்மா, என் வாழ்க்கையப் பத்தித்தான் லாத்தா பேசிக்கிட்டு இருக்காக" என்று அம்ரீன் அபாயாவை எடுத்து மாட்டினாள். "வாங்க லாத்தா, ராம்நாடு போவோம்."

வீரலட்சுமியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஜுவைரியா சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் பெயரைப் போடாதது ஒரு விஷயமே இல்லை, அதைப் பேசக்கூடாது, பிள்ளையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். ஸ்டூடியோ வாசலில் இறங்கி அந்தப் படத்தை நேரில் பார்த்ததும், அவள் எடுத்த வெளிச்சத்தின் மேல் வேறொருத்தன் பெயர் எழுதியிருப்பதும் சேர்ந்தே மனசை எரித்தது. எரியவில்லை என்று பொய் சொல்வானேன்?

காஜா நவாஸ் மரியாதையான ஆள். ஏசி போட்ட அறை, சோபா. உட்காரச் சொன்னான். ஜுவைரியா தன் பெயரைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அது? பெரியம்மா சொன்னாக. நல்லா எடுத்திருக்கீக லாத்தா. பொழுதுபோக்குக்கு எடுக்குறவுக மாதிரியே இல்ல. கொஞ்சம் ஃபினிஷிங்தான் இல்லாம இருந்துச்சு, அதை நாங்க பண்ணிக்கிட்டோம்."

"என்ன ஃபினிஷிங்கு?"

"ஸ்கின்தான். பொண்ணு கொஞ்சம் டல்லா இருந்துச்சு. கல்யாணப் பொண்ணுன்னா பளிச்சுன்னு இருக்கணும்ல." அப்புறம் பக்கத்தில் நின்ற அம்ரீனைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா வேணும், பாஸ்போர்ட் சைஸா?" என்று கேட்டான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அம்ரீனுடைய தலைக்கு நேர் மேலே, அந்தப் படத்துக்குள் லைட்டு எரிந்துகொண்டிருந்தது. அவன் நாள் கணக்கில் திரையில் வைத்து இழைத்த முகம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரி எதிரே நிற்கிறாள், பாஸ்போர்ட் சைஸா என்கிறான்.

வீரலட்சுமிக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "யோவ், அது இந்தப் புள்ளய்யா!"

காஜா நவாஸ் படத்தைப் பார்த்தான், அம்ரீனைப் பார்த்தான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வேலைக்காரப் பையன் நாற்காலியை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பாத்தீங்களா?" என்றாள் ஜுவைரியா. "உங்களுக்கே தெரியல. அப்ப யாரு படம்னு மாட்டி வச்சிருக்கீக? அப்படி ஒருத்தி இந்த துனியாவுலயே இல்ல. இந்தப் பிள்ளையோட ரவிக்கைய, இந்தப் பிள்ளையோட சிரிப்பை எடுத்துப் பொறக்காத ஒருத்திக்கு மாட்டி விட்டிருக்கீக. யாரைக் கேட்டு வெளுத்தீக?"

"லாத்தா, கோபப்படாதீக. எல்லாரும் கேக்குறது இதைத்தான். செய்யலைன்னா எங்களைத் திட்டுவாக. பெரியம்மாவே கொஞ்சம் நெறத்தைத் தூக்கிக் குடுன்னுதான் சொன்னாக."

"பெரியம்மா நெறத்தைத் தூக்கிக் காட்டுங்க, அவுக மூஞ்சி, அவுக இஷ்டம். இவளைக் கேட்டீகளா? வாசல்ல மாட்டுறதுக்குக் கேட்டீகளா?"

"குடும்பத்துப் பொண்ணுதானேன்னு..."

"குடும்பத்துப் பொண்ணைத்தான் நாலு பேர் பாக்குற ரோட்டுல லைட்டுப் போட்டு நிறுத்துவீகளோ?"

அவன் செவ்வாய்க்கிழமை ஆள் வரும், எடுத்துவிடுகிறேன் என்றான். அம்ரீன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது, "இப்ப எடுங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "நான் இங்கனயே நிக்கிறேன்."

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவனே ஸ்டூல் போட்டு ஏறி, லைட்டை அணைத்து, ஸ்குரூவைக் கழற்றி, ஃபிளெக்ஸை உருவினான். சுருட்டிக் கடைக்குள் கொண்டுபோகப் பார்த்தவனிடமிருந்து ஜுவைரியா அதை வாங்கினாள். வீரலட்சுமி பையிலிருந்து துணி வெட்டுகிற கத்தரியை எடுத்துக் கொடுத்தாள். அங்கேயே, கடை வாசலிலேயே, ஜுவைரியா அதை நெடுக்காகக் கிழித்தாள். ஃபிளெக்ஸ் லேசில் கிழிகிற சாமானா? மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பிறகு உள்ளே போய், கம்ப்யூட்டரில் இருக்கிற படங்களை அவள் கண் முன்னால் அழிக்கச் சொன்னாள். இன்ஸ்டாகிராமில் போட்டிருந்ததையும் எடுக்க வைத்தாள். எல்லாம் செய்தான். செய்து முடித்துவிட்டு, குத்துவதற்காகவோ ஆறுதலுக்காகவோ, "பாத்தவுக பாத்தது பாத்ததுதான் லாத்தா" என்று ஒரு வார்த்தை சொன்னான்.

அது உண்மை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு வார்த்தைதான் அவளை அரித்தது. கிழித்தது கிழித்ததுதான், ஆனால் கொடுத்த வாக்கு உடைந்தது உடைந்ததுதான். அத்தனை பெண்களிடமும் போய் என்ன சொல்வாள்? மறுநாளே அந்தக் கல்யாணத்தில் அவள் படமெடுத்த பெண்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனாள். நடந்ததைச் சொன்னாள். ஒரு சிலர் "விடும்மா, நீ என்ன செய்வ" என்றார்கள். ஒருத்தி கதவை முகத்தில் சாத்தினாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் குல்சும் சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்ரீன் ஆளனுப்பி ஜுவைரியாவையும் கூப்பிட்டிருந்தாள்.

"என் தங்கச்சி மவனை நடுரோட்டுல வச்சு அசிங்கப்படுத்திட்டாகளே" என்று குல்சும் ஆரம்பித்தாள். "அப்படி என்ன கெடுதல் செஞ்சுட்டோம்? நல்லதுக்குத்தானே செஞ்சேன். நாளைக்கு அவ பிள்ளைக ஆல்பத்தைப் பாக்கும்ல, உம்மா லெச்சணமா இருக்கான்னு சந்தோசப்படும்ல?"

"மாமி" என்றாள் அம்ரீன். "பிள்ளை என்னைய மாதிரிப் பொறந்தா அதையும் வெளுப்பீகளா?"

சூஃபியா "யா அல்லாஹ், பேசாத" என்று மகள் வாயைப் பொத்த வந்தாள். குல்சும் மாமியின் முகம் என்னவோ போலானது. ஜுவைரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்துப் பழகிய கண். குல்சும் மாமியும் மாநிறம்தான், பவுடர் போட்ட இடத்துக்குக் கீழே. அந்த மாமியின் மேல் ஒரு இரக்கம் வரப்பார்த்தது. ஜுவைரியா அதை வரவிடவில்லை. மருமகளையும் அதே பவுடரில் அமுக்க நினைத்தவள்தானே.

"எங்க வீட்டு மருமவளுக்கு இவ்வளவு வாயா" என்று குல்சும் எழுந்தாள். வைத்த டீ ஆறிப்போயிருந்தது. தொடாமலே போனாள்.

உசாமா கத்தாரிலிருந்து பேசினான். "அழகாத்தானே இருந்துச்சு, இதுக்குப் போயி ஏன் இவ்வளவு கலாட்டா?" என்றிருக்கிறான். அம்ரீன் போனை வைத்துவிட்டாள். பல நாள் எடுக்கவே இல்லை. அவன் விடாமல் அடித்து, கெஞ்சி, "சரி, அந்த ஒரிஜினல் படத்தை அனுப்பு, பாக்குறேன்" என்றதற்கு, "ஊருக்கு வந்து நேர்ல பாருங்க, ஒரிஜினல் இங்கனதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். இதைக் கடையில் வந்து சொன்னபோது வீரலட்சுமி பாசிக் கிண்ணத்தைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள்.

புது ஆல்பம் போட வேண்டும் என்று அம்ரீன் கேட்டாள். பழையதை அவள் குல்சும் மாமி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். இன்னொரு கடையில் கொடுக்க ஜுவைரியாவுக்கு மனசில்லை. இன்னொரு ஆண் கண்ணில் படும். மஹ்மூதிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அது கேட்டுவிட்டு, "நான் ஊர்ல இருந்திருந்தா அவன் கடைய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்" என்றது.

"ஒங்களுக்கு வேலையே வைக்கல மச்சான், நாங்களே ஆக்கிட்டோம்."

ஊருக்கு வந்த ஒரு கூட்டாளியிடம் மஹ்மூது சின்ன பிரிண்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பியது. வீட்டிலேயே வைத்துப் படம் அடிக்கிற சாமான். உள்ளங்கை அகலத்துக்குத்தான் படம் வரும். அம்ரீனும் ஜுவைரியாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்து, ஒட்டினார்கள். முற்றத்துப் படம் வெளியே வந்தபோது அம்ரீன் அதை உலரக்கூட விடாமல் பிடித்துக்கொண்டு, மச்சத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஜுவைரியாவைச் சண்டைக்காரி என்றது. குல்சும் மாமியின் தெருவிலிருந்து யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. தைக்க வருகிறவர்கள்கூடக் கொஞ்சம் குறைந்தார்கள். ராம்நாட்டுக்கு மெட்டீரியல் வாங்கப் போகும்போதெல்லாம் ரோட்டோர ஃபிளெக்ஸ்கள் அவள் கண்ணில் குத்தின. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. செத்துப்போனவர்களைக்கூட வெளுத்துத்தான் மாட்டியிருந்தார்கள். முன்பும் இருந்ததுதான், இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பஸ்ஸுக்குள்ளிருந்தே ஒவ்வொன்றையும் பார்த்துத் திட்டிக்கொண்டு வருவாள். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

இப்போதும் அவள் கேமராவை விடவில்லை. பேச்சில் ஒரு வரி கூடியிருக்கிறது. "நெறத்தைத் தொட மாட்டேன், தொட விடமாட்டேன். சம்மதம்னா வாரேன்."

போன மாதம் திருப்பாலைக்குடியில் ஒரு கல்யாணம். கூப்பிட்டவர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெண்ணை உட்கார வைத்து, வெளிச்சம் பார்த்து, இரண்டு படம் எடுத்திருப்பாள். பெண்ணின் பெரியம்மா பக்கத்தில் வந்து காதோடு, "பிள்ளை கொஞ்சம் கருப்பு, பாத்துக் கீத்து ஏதாவது செஞ்சு விட்டுரும்மா" என்றாள்.

ஜுவைரியா கேமராவை இறக்கினாள். லென்ஸ் மூடியைப் போட்டாள். "பிள்ளையோட உம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள். உம்மா வந்தாள். இப்படித்தான் வேணுமா என்று ஜுவைரியா அவளிடம் கேட்டாள். உம்மாவும், "எல்லாரும் செய்யுறதுதானே, அதுக்கென்ன இப்ப" என்றாள். பெண் குனிந்த தலை நிமிரவில்லை. ஜுவைரியா அவள் முன்னால் போய் உட்கார்ந்து, "நீ சொல்லும்மா, ஒனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டாள். அந்தப் பெண் உம்மாவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள், பிறகு மிகவும் மெதுவாக, "அவுக சொல்ற மாதிரியே எடுங்க" என்றாள்.

அந்தப் பிள்ளையைத் திட்ட ஜுவைரியாவுக்கு வாய் வரவில்லை. எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, எடுத்த இரண்டு படத்தையும் அவள் கண் முன்னால் அழித்துவிட்டு வெளியே வந்தாள். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. பந்தலில் அப்போதுதான் பிரியாணி தேக்சாவைத் திறந்தார்கள். அந்த வாசனை பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தது.

தேவிபட்டினம் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது தம்மாமிலிருந்து மஹ்மூது போன் பண்ணியது. நடந்ததைச் சொன்னாள்.

"சாப்பிட்டியா?"

"எங்க சாப்புட? கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன்ல."

"ஏ ஜுவைரி, சாப்பிட்டுட்டு வந்து கோவப்பட்டிருக்கலாம்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள். ஆனால் அந்தப் பெண் தலை குனிந்து சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது. அவுக சொல்ற மாதிரியே எடுங்க. யாருடைய முகத்தை யார் சொல்கிற மாதிரி எடுப்பது? சிரிப்பு அடங்கியதும் வயிறு திரும்ப எரிந்தது. பசியா ஆத்திரமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரோட்டோரக் கடையில் சூடாக இரண்டு பருப்புவடை வாங்கிக் கடித்துக்கொண்டே, தூரத்தில் தூசி கிளப்பி வருகிற பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டினாள்.